ஞாயிறும் ஞாயிற்றுக்கிழமையும்

மதுரைக்குச் சென்று வருவோரில் கோரிப்பாளையம் தர்காவைக் காணாதார் அரியர். வைகையின் வடகரையில், பாலத்தைக் கடந்ததும் கண்ணிற்படும் அக்குவிமாடத்திற்குக் கூப்பிடு தூரத்திலேயே சிவந்த செங்கற் கட்டடங்களும் பழமரங்களும் சூழ்ந்த ஒரு கல்லூரி இருக்கிறது. 1881-இல் பசுமலையில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகருக்குப் பெயர்ந்து வந்த அமெரிக்கன் கல்லூரி அது. நாம் இங்கே சொல்லப் புகுந்தது அக்கல்லூரியின் வரலாறு அன்று; எந்தக் கல்லூரியின் வரலாறும் அன்று. கல்லூரிக்குள் புக வசதியில்லாதவர்க்கும், புகும் வயது இன்னும் வாராத பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஓய்வு நாளில் கட்டணம் வாங்காமல் விஞ்ஞானம் சொன்ன சபைகளின் வரலாறு. ஆயினும் அக்கல்லூரியில் பயின்ற ஒரு மாணவரிடமிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

அவர் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ஆம் நாள், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தவர். வத்திராயிருப்பிலிருந்து திருவில்லிபுத்தூர் உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து மதுரை அமெரிக்கன் கல்லூரி. பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. பள்ளியில் தமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் எதைச் சொன்னாலும் மனத்தில் பதியுமாறு சொல்லுவார் என்று, தாம் உலகப் புகழ் பெற்ற பின்னரும் கிருஷ்ணன் நன்றியோடு நினைவுகூர்ந்தார். படிப்பு முடிந்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் பகுதியில் செய்முறை விளக்கும் சிறு பதவி கிடைத்தது. பேராசிரியர் பதவி அன்று; விரிவுரை நிகழ்த்தும் உரிமையுள்ள பதவியும் அன்று. அந்த இளைஞர் ஒரு காரியம் செய்தார். நண்பகல் உணவு இடைவேளையில் ஓரிடத்தில் அமர்ந்தார். பௌதிகமோ, வேதியியலோ, கணிதமோ, எந்த ஐயமாயினும் எவரும் வந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். முதலில் அவருடைய மாணவர்கள் வந்தனர். பிறகு வேறு வகுப்பினர் வந்தனர். நாளடைவில் சென்னையின் மற்றக் கல்லூரி மாணவர்களும் அந்த இடைவேளையைத் தேடி வரலாயினர்.

வருகைப் பதிவேடு கிடையாது, தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அவர்கள் ஏன் வந்தார்கள்? ஒரு பொருளை உண்மையாகவே அறிந்த ஒரு மனிதரின் முன்னால் அமர்ந்து, "இது ஏன் இப்படி?" என்று வெட்கமின்றிக் கேட்க முடிந்ததனால் வந்தார்கள். பாடநூலிடம் கேள்வி கேட்க இயலாது. வகுப்பறையில் கேட்டால் பாடம் தடைப்படும். இவ்விரண்டுக்கும் வெளியே ஓர் இடம் வேண்டியிருந்தது. கிருஷ்ணன் தம் சோற்று வேளையை அந்த இடமாக்கினார்.

1920-இல் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே அவருக்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவின் கதை சுவையானது. அதில் சோகமும் உண்டு.

மகேந்திரலால் சர்க்கார் என்பவர் கல்கத்தாவில் பெரும்புகழ் பெற்ற மருத்துவர். தம் நாட்டு மக்கள் விஞ்ஞானத்தைப் பிறர் சொல்லக் கேட்போராக மட்டும் இருந்துவிடலாகாது, தாமே ஆய்வோராகவும் ஆகவேண்டும் என்பது அவருடைய வேட்கை. ஆண்டுக்கணக்கில் செல்வர்களின் வாயிற்படிகளில் நின்று நன்கொடை திரட்டி, 1876 ஜூலை 29-ஆம் நாள் பௌபஜார் வீதியில் 210-ஆம் எண் மனையில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அவருக்கு வலக்கையாக நின்றவர் புனித சவேரியார் கல்லூரியின் லாஃபோன் பாதிரியார். தந்தியும் தொலைபேசியும் ஒலிப்பதிவுக் கருவியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை மேடையில் இயக்கிக் காட்டியே பேசுவதில் வல்லவர் அவர். வங்காளத்து மக்கள் அவற்றைப் பார்க்கத் திரண்டனர். கைதட்டினர். வீட்டுக்குப் போயினர். சர்க்கார் எதிர்பார்த்த ஆய்வாளன் மட்டும் வரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து, தம் முயற்சி பலிக்கவில்லை என்ற மனக்குறையுடனேயே 1904-இல் அவர் கண்மூடினார்.

அவர் மறைந்து மூன்றே ஆண்டுகள். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவில் பணியேற்க வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், டிராம் வண்டியில் போகும்போது அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார்; இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அவரே திருச்சியிற் பிறந்த சி. வி. இராமன். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் ஊழியர். பின்னாளில் இராமனுக்கு நீண்டகால உதவியாளராகவே அமைந்துவிட்டார். அலுவலகம் செல்லுமுன் விடியற்காலையிலும், அலுவல் முடிந்த பின் இரவிலும், விடுமுறை நாள் முழுவதிலும் இராமன் அந்த மனையிலேயே கிடந்தார். தாமே அங்குப் பொதுச் சொற்பொழிவுகளும் நிகழ்த்தினார். 1923-இல் வத்திராயிருப்புக் கிருஷ்ணன் அவருடன் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டறியப்பட்டு, இன்று இராமன் விளைவு என்று உலகம் வழங்கும் ஒளிச்சிதறல், அந்தப் பௌபஜார் மனையில் பிறந்ததே. அதை 'நேச்சர்' ஏட்டில் உலகுக்கு அறிவித்த முதற்கடிதத்தில் இராமன் பெயருக்கு அடுத்து நின்ற பெயர் கிருஷ்ணன். நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அதைப் பற்றி வாதிப்பது இக்கட்டுரையின் வேலையன்று.

சர்க்கார் உயிரோடிருந்த நாளில் அவருடைய சபையைக் கணக்குப் பார்த்திருந்தால் நட்டம் என்றே எழுதியிருப்பார்கள். பொதுச் சொற்பொழிவின் கணக்கு அத்தகையது. அதன் பயன் எந்த ஆண்டில், எந்த ஊர்க்காரன் மூலம் வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடத்துவோர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பத்துப் பேர் வந்தாலும் பலகையைக் கழற்றாமலிருப்பது.

லண்டன் மாநகரின் ராயல் இன்ஸ்டிடியூஷனும் இதையே காட்டுகிறது. கொல்லன் மகனான மைக்கேல் ஃபாரடே நூல் கட்டும் கடையில் தொழில் பயின்றுகொண்டிருந்த பையன். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகள். பையன் குறிப்பெடுத்தான், தன் கைத்தொழிலால் அதை அழகிய புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினான். அடுத்த ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. இன்று நம் வீட்டு மின்விசிறி சுழல்வதும் மின்சாரம் பிறப்பதும் ஃபாரடே கண்ட விதிகளால். அவர் தமக்குக் கிடைத்த சீட்டை மறக்கவில்லை. 1825-இல் அந்நிறுவனத்தில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகள் தொடங்கின. பிற்காலத்தில் அவரே பத்தொன்பது முறை அவற்றை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை எரியவிட்டு, அதைக்கொண்டே வேதியியல் முழுவதையும் சொன்னது அவற்றுள் புகழ்பெற்ற தொடராகும். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த வாடிக்கையாளர் சீட்டுக் கொடுத்திராவிட்டால்? டேவியின் மண்டபம் ஏழைக்குத் தானே திறந்துகொள்ளும் மண்டபம் அன்று. கட்டணமில்லாச் சபை என்பது, அந்த வாடிக்கையாளருக்காகப் பையன் காத்திருக்கவேண்டாத சபை.

நம் சமுதாயத்திற்கு இம்முறை புதிதன்று. பள்ளிவாசல் தூணில் சாய்ந்து ஆசான் அமர, சுற்றிலும் வட்டமாக மாணவரும் வழிப்போக்கரும் அமர்ந்து கேட்கும் 'ஹல்கா' நம் முன்னோரின் கல்விமுறை. அதில் நுழைவுக்கட்டணம் இருந்ததில்லை. வட்டத்தின் ஓரத்தில் இடமிருந்தால் எவரும் உட்காரலாம். வட இந்தியாவில் சர் செய்யித் அகமது கான் 1864-இல் காஜிப்பூரில் விஞ்ஞானச் சங்கத்தைத் தொடங்கி, பின்பு அலிகாருக்குக் கொண்டு சென்றபோது, மேலைநாட்டு விஞ்ஞான நூல்களை உருதுவில் ஆக்குவதையே முதற்பணியாகக் கொண்டார். மக்கள் மொழியில் சொல்லாத அறிவு மக்களிடம் சேராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னையிலும் அதே காலத்தில் ஒருவர் இருந்தார். வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரி. 1874 டிசம்பர் 9-ஆம் நாள் சூரிய வட்டத்தின் மீது வெள்ளிக் கோள் கடந்து செல்லும் காட்சியை மக்கள் அஞ்சாமல், அறிந்து பார்க்கவேண்டும் என்று, அதனை விளக்கும் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் வெளியிட்டார். கன்னடத்தில் ஒன்று, உருதுவில் ஒன்று. ஒரு வைணவ அந்தணர் நம்மவர் படிக்கட்டும் என்று உருதுப் பதிப்பு வெளியிட்டதை இன்று நினைத்தாலும் நெஞ்சம் குளிர்கிறது. வானம் எல்லார்க்கும் பொது என்று கருதியவர் போலும்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் இரு கிளைகள் தோன்றின. ஒன்று மொழிக் கிளை. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் விஞ்ஞானச் சொற்களைத் தமிழாக்கச் சங்கம் கண்டனர். வழக்கறிஞர் பெ. நா. அப்புஸ்வாமி வாழ்நாள் முழுவதும் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். மற்றொன்று ஆய்வுக் கிளை. 1950-களில் சென்னை மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லமான ஏகாம்ர நிவாசத்தின் மாடியிலேயே பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். கட்டடமோ மானியமோ இல்லை. வெளிநாட்டு விஞ்ஞானியர் அங்கு வந்து மாணவருக்கு உரையாற்றினர். 1960-இல் வந்த நீல்ஸ் போர், அந்தச் சிறு குழுவைக் கண்டு வியந்து பாராட்டியதன் தொடர்ச்சியாக 1962-இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. வீட்டுத் திண்ணை நிறுவனமானதற்கு இது நல்ல சான்று.

இந்த இரு கிளைகளும் ஒன்றுசேர்ந்தது 1980-இல். சென்னையின் ஆய்வாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் கூடித் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். அதே ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து சென்றதை முதியோர் மறந்திரார். அன்று பகலில் ஊர்கள் ஓய்ந்து கிடந்தன, கதவுகள் அடைபட்டன, பெருநகர வீதிகளில் ஆளரவம் இல்லை. விண்கலம் ஏவிய நாட்டில் நிழலுக்கு அஞ்சி மக்கள் ஒளிந்தனர். கோள்களைப் பற்றிப் பாடநூலில் இல்லாத செய்தி அன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய செய்திதான். படித்த பிள்ளையும் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. பள்ளிப் பாடம் செய்யாத ஒன்றைச் செய்ய வேறொரு சபை தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1987-இல் நாடெங்கும் அறிவியல் கலைப்பயணம் நடந்தது; அக்டோபர் 2-இல் புறப்பட்ட குழுக்கள் நவம்பர் 7-இல் போபால் நகரில் ஒன்றுகூடின. அதே ஆண்டில் சிறுவர்க்கான 'துளிர்' ஏடும் தோன்றியது. அதன்பின் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட அறையிலும் ஊர் நூலகத்திலும் வேப்பமரத்தடியிலும் விஞ்ஞானம் பேசும் பழக்கம் பரவிற்று. மதுரைச் சமவெளி மக்களிடையேயும் அது வேர்கொண்டது. பேசியவர்களிற் பலர் பள்ளி ஆசிரியர்களே. அவர்கள் கையில் லாஃபோன் பாதிரியாரின் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. அட்டையும், ஊசியும், எலுமிச்சம்பழமும், மிதிவண்டிக் கம்பியும்தான் இருந்தன.

அவ்வாறான கூட்டம் ஒன்றில் நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கண்டதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பேசியவர் ஒரு தபால் அட்டையில் குண்டூசியால் துளையிட்டார். வெயிலில் பிடித்தார். கீழே வெள்ளைத் தாளில் சிறு ஒளிவட்டம் விழுந்தது. "துளை வட்டமாயிருப்பதால் ஒளியும் வட்டமா?" என்று கேட்டார். "ஆம்" என்றனர் பிள்ளைகள். அவர் மற்றோர் அட்டையில் முக்கோணமாகச் சிறு துளை வெட்டினார். தாளை நன்றாகத் தள்ளி வைத்தார். விழுந்த ஒளி அப்போதும் வட்டம். பிள்ளைகள் பேச்சடைத்துப் போயினர். ஓட்டு வீட்டில் வளர்ந்த நமக்கோ உடம்பு சிலிர்த்தது. ஓட்டின் இடுக்கு எத்தனை கோணலாயிருந்தாலும் தரையில் விழும் வெயில் வட்டக் காசாகவே விழுவதைப் பிள்ளைப்பருவம் முழுதும் கண்டிருக்கிறோம். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது துளையின் வடிவம் அன்று, சூரியனின் உருவம்! ஒளி நேர்கோட்டிற் செல்வதால், சூரிய வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர் சிறுதுளை வழியே புகுந்து, மேலிருப்பது கீழாகவும் இடமிருப்பது வலமாகவும் மாறி, தாளில் சூரியனையே எழுதிவிடுகிறது.

அத்தோடு விட்டாரா? அட்டைக்கும் தாளுக்கும் சரியாக ஒரு மீட்டர் இடைவெளி வைத்து, ஒளிவட்டத்தின் அகலத்தை அளக்கச் சொன்னார். ஒரு சிறுமி அளவுகோலை வைத்துப் பார்த்து, "ஒன்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட" என்றாள். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தொலைவுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் அங்கும் இங்கும் ஒன்றே. பெருக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் வந்தது. தபால் அட்டையாலும் பள்ளி அளவுகோலாலும் அந்தச் சிறுமி சூரியனின் விட்டத்தை அளந்துவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றை அளந்த கதை இது.

பேச்சின் இடையே அவர் சொன்ன மற்றொரு செய்தி, அவையிலிருந்த நம் பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரவைத்தது. கிரகண வேளையில் சிறுதுளை வழியே விழும் உருவம் பிறைபோல் தோன்றுவதையும், துளை பெரிதானால் அப்பிறை மறைவதையும் ஆராய்ந்து, கிரகணத்தின் உருவம் பற்றித் தனி நூலே எழுதியவர் இப்னுல் ஹைதம். பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணிற் புகுகிறது என்று தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் சோதனைகளால் நிறுவியவர். அந்நூலின் ஆயிரமாண்டு நினைவையும் கருத்திற்கொண்டே 2015-ஐ அனைத்துலக ஒளி ஆண்டாக உலகம் கொண்டாடிற்று. ஒளிச்சிதறலைக் கண்ட வத்திராயிருப்புக் கிருஷ்ணன், ஒளியின் வழியைக் கண்ட பஸராவின் ஹைதமுக்கு எவ்வளவு நெருங்கிய உறவினர்! வரலாற்று நூல்களில் அவர்கள் வெவ்வேறு அதிகாரங்களில் இருக்கிறார்கள்; அந்தப் பள்ளிக்கூட அறையில் ஒரே அட்டைத் துளையில் சந்தித்தார்கள்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நாம் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில், பொதுமக்களுக்கான விஞ்ஞான உரை என்ற அறிவிப்பைக் கண்டு, ஒரு சனிக்கிழமை மாலை பேருந்து ஏறிச் சென்றிருந்தோம். பேசியவர் பெரிய அறிஞர்; ஐயமில்லை. முழுவதும் ஆங்கிலம். திரையில் விழுந்த நட்சத்திரப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, எதுவும் விளங்காமல், விளங்கியதுபோல் தலையசைத்துவிட்டுத் திரும்பினோம். கட்டணம் வாங்கவில்லைதான். ஆனால் கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியவில்லை. புனே நகரில் ஜயந்த் நார்லிகர் நிறுவிய வானியல் மையம், பள்ளி மாணவர்க்கென இரண்டாம் சனிக்கிழமைகளில் நடத்திவரும் செய்முறை உரைகளை ஆங்கிலத்தோடு மராத்தியிலும் அமைத்தது. பேரண்டவியலில் உலகப்புகழ் பெற்ற நார்லிகரே மராத்தியில் கதைகள் எழுதியவர், 2025-இல் மறைந்தார். மேற்படி கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் சென்னையில் இசைச் சபை அரங்கில் பொது விஞ்ஞான உரைகளை நடத்திவருவது போற்றத்தக்கது. கச்சேரி கேட்கும் மண்டபத்தில் கணிதம் கேட்பது அழகிய எண்ணமே. அத்தகைய உரைகள் தமிழில், மதுரையில், மேலூரில், உசிலம்பட்டியில், திருமங்கலத்தில் எத்தனை நடக்கின்றன என்பதே நம் கேள்வி.

அமெரிக்காவின் சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் 1980-இல், அதாவது நம் அறிவியல் இயக்கம் தோன்றிய அதே ஆண்டில், லியோன் லெடர்மன் உயர்நிலைப் பள்ளி மாணவருக்குச் சனிக்கிழமை காலைப் பௌதிக வகுப்பைத் தொடங்கினார். கட்டணம் இல்லை. நாட்டின் மிகப்பெரிய அணுத்துகள் பொறியை இயக்கும் இயக்குநர், பள்ளிப் பிள்ளைகளின் கேள்விக்கு விடை சொல்லத் தம் சனிக்கிழமையைக் கொடுத்தார். எட்டாண்டுகளில் அவருக்கு நோபல் பரிசு வந்தது. வகுப்பும் நிற்கவில்லை.

நடத்துவோரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். பிள்ளையை அனுப்புவோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலவசம் என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. உள்ளே நுழையக் காசில்லை என்பது மெய். ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை என்பதற்கே ஒரு விலை உண்டு. விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் ஞாயிறும் பண்டிகைக் காலமும்தான் வியாபார நாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை அன்று கடையில் துணி மடிக்கவேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு பையன் அத்தகைய கூட்டமொன்றுக்குப் போகத் தன் தந்தையிடம் அனுமதி கேட்டதை அருகிலிருந்து கேட்டோம். "அத்தா, ரெண்டு மணி நேரம்தான், அஸருக்கு முன்னாடி வந்துர்றேன்" என்றான். தந்தை கல்லாவை விட்டு நிமிராமல், "அங்க போனா சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?" என்றார். பையனிடம் விடையில்லை. அவர் கொடியவர் அல்லர், கணக்கறிந்த வியாபாரி. அவர் கேட்ட கேள்வியை 1904-இல் கல்கத்தா வியாபாரி எவரேனும் மகேந்திரலால் சர்க்காரிடம் கேட்டிருந்தால் அவரிடமும் விடை இருந்திராது. நாம் குறுக்கிட்டு, கடையை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். அத்தா சிரித்துவிட்டு, "நீங்க மடிச்சா துணி கசங்கிடும்" என்றார். பையன் அன்று போனான். மடித்த துணியை நமக்குப் பின்னால் ஒருவர் மறுபடி மடித்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெண்மக்களின் நிலை இதனினும் நுண்மையானது. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கடை அன்று. வழித்துணையின்மையும் திரும்பும் நேரமும். ஆகவே காலை பத்து மணிக்குத் தொடங்கி லுஹருக்கு முன் முடியும் கூட்டத்திற்கு அவர்கள் வருகிறார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்திற்கு வருவதில்லை. நடத்துவோர் இதை மனத்திற்கொண்டாலே பாதிக் குறை நீங்கும். மேற்சொன்ன, சூரியனை அளந்த சிறுமி தன் உம்மம்மாவோடு வந்திருந்தாள். அந்த முதியவர் கடைசிவரை இருந்து, முடிவில் அட்டையைத் தாமும் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டே போனார். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு; இத்தகைய கூட்டங்களுக்கு ஏற்ற இடம். நம் பள்ளிவாசல்களின் மதரஸாக் கூடங்களும் ஞாயிறு முற்பகல் ஓதல் முடிந்தபின் சும்மாவே கிடக்கின்றன.

மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. குழந்தையின் மரணத்துக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் இருந்த தந்தை அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் கொள்வதில்லை என்று விளக்கி, தொழுகைக்கு அழைத்தார்கள். கிரகணத் தொழுகை நம்மிடையே இருப்பதன் வரலாறு இது. தொழுகை வீட்டுக்குள் ஒளிந்து நிறைவேற்றுவது அன்று. மக்களைக் கூட்டி நிறைவேற்றுவது.

2010 ஜனவரி 15-ஆம் நாளை எண்ணிப்பார்க்கிறோம். அன்று வெள்ளிக்கிழமை, பொங்கல் விடுமுறை வேறு. வளைய வடிவக் கிரகணம் இராமேசுவரத்தையும் தனுஷ்கோடியையும் கடந்து சென்றது. நடுப்பகல் கடந்து, ஜும்ஆ நேரத்தில், சூரியன் நெருப்பு வளையமாயிற்று. பத்து நிமிட அளவுக்கு வளையமாகவே நின்றது. மணற்பரப்பில் தொலைநோக்கிகளோடு விஞ்ஞானிகளும் மாணவர்களும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து குழுமியிருந்தனர். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவையைக் காட்டிப் பாடம் சொன்னாரே, அந்தக் கடற்கரையும் அதே தீவில்தான். அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளையாகிய அப்துல் கலாம், 2015 ஜூலை 27-இல் ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே உயிர்நீத்தார்.

நாம் அன்று தீவுக்குச் செல்லவில்லை. சமவெளியில் நம் ஊர்ப் பள்ளிவாசலிலேயே இருந்தோம். முற்றத்தில் ஒரு புங்கமரம். ஒளூச் செய்யும் தொட்டியருகே இலைகளின் இடுக்கு வழியே விழுந்த வெயிற்காசுகள் ஒவ்வொன்றும் பிறையாக மெலிந்துகொண்டு வந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போய்வந்த பிள்ளைகள் நால்வர், பெரியவர்களின் கையைப் பிடித்து இழுத்துவந்து அதைக் காட்டினர். மேலே பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள் என்றனர். மோதினார் தம் வெள்ளைத் துண்டை உதறித் தரையில் விரித்தார். அதன்மேல் நூறு பிறைகள்.